ஹைபிரிட் பிக்கப் வாங்குகிறேன், ஆப்ஷன் பட்டியலில் எதை டிக் செய்வது?

கேள்வி: நான் மரவேலை செய்பவன். பழைய டீசல் பிக்கப்பைக் கொடுத்துவிட்டு டபுள் கேப் ஹைபிரிட் பிக்கப் ஒன்று எடுக்க முடிவு செய்துவிட்டேன். வார நாட்களில் பிளைவுட், கருவிகள், கூட ஒரு உதவியாளர். விடுமுறையில் மனைவி, இரண்டு பிள்ளைகள், நாய், ஒரு சின்ன கேம்பிங் டிரெய்லர். ஓட்டத்தில் முக்கால்வாசி ஊருக்குள்தான். ஷோரூமில் ஒரு நீண்ட பட்டியலை நீட்டுகிறார்கள்: டோ பேக்கேஜ், பின் தொட்டியில் கரண்ட் பாயிண்ட், பெரிய வீல், ஆல் டெரெய்ன் டயர், வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட், தொட்டிக்கு மேல் மாட்டும் கூண்டான கேனபி, டிராயர், முன்பக்க இரும்புத் தடுப்பான புல் பார், லைட் பார், பெயிண்ட் புரொடெக்‌ஷன், நீட்டித்த வாரண்டி. இதில் எதை எடுக்க, எதை விட? இன்ஜின் டியூனிங் செய்யலாமா என்றும் ஒரு நண்பர் கேட்கச் சொன்னார்.

பதில்: முதலில் அந்தப் பட்டியலைக் கீழே வையுங்கள். அது விற்கிறவருக்கு வசதியான வரிசை. உங்களுக்கு வேண்டியது வேறு வரிசை: இதைப் பிறகு மாட்ட முடியுமா, முடியாதா? தொழிற்சாலையில் மட்டுமே கிடைக்கிற எதற்கும் இப்போதே பணம் ஒதுக்குங்கள். பிறகு மாட்டிக்கொள்ளக் கூடிய எதையும் வண்டி கைக்கு வந்து சில மாதம் வேலைக்கு ஓட்டிப் பார்த்த பிறகு யோசிக்கலாம். பிக்கப்புகளுக்கு ஆக்சஸரி மாட்டிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு, ஆனாலும் பட்டறைக்கு வருகிறவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன், ஏனென்றால் டெலிவரி அன்றே ஆசை ஆசையாக மாட்டியதை அடுத்த வருடம் கழற்றித் தரச் சொல்லி வருகிறவர்கள் குறைவில்லை.

எந்த மாடல் என்று நீங்கள் எழுதவில்லை. அது முக்கியம், ஏனென்றால் ஹைபிரிட் என்று மூன்று விதமான வண்டிகளை விற்கிறார்கள். டொயோட்டா ஹைலக்ஸில் வரும் 48 வோல்ட் அமைப்பு மைல்ட் ஹைபிரிட்: 2.8 லிட்டர் டீசல் இன்ஜினுக்கு 12 கிலோவாட் வரை ஒரு சின்ன மோட்டார் கைகொடுக்கிறது, பேட்டரியின் எடையே 7.6 கிலோதான், 3,500 கிலோ இழுவையும் ஒரு டன் சுமையும் டீசலில் இருந்ததுபோலவே இருக்கின்றன. அப்படிப்பட்ட வண்டியை நல்ல டீசல் பிக்கப் என்று நினைத்தே ஆப்ஷன் தேர்வு செய்யலாம். ஃபோர்டு மாவெரிக், எஃப்-150 பவர்பூஸ்ட், டொயோட்டாவின் டக்கோமா, டன்ட்ரா ஐ-ஃபோர்ஸ் மேக்ஸ் எல்லாம் பிளக் போடத் தேவையில்லாத முழு ஹைபிரிட். இவற்றின் பேட்டரி 1.1 முதல் 1.9 கிலோவாட்-மணிக்குள் இருக்கும். மூன்றாவது பிளக்-இன், அதாவது வெளியே பிளக் போட்டும் சார்ஜ் ஏற்றக்கூடியது: ஃபோர்டு ரேஞ்சரில் 11.8 கிலோவாட்-மணி, பிஒய்டி ஷார்க்கில் 29.58. ஊருக்குள் நின்று நின்று போகும் ஓட்டம்தான் அதிகம் என்கிறீர்கள், அதனால் முழு ஹைபிரிட்டோ பிளக்-இன்னோதான் உங்களுக்குக் காசைத் திருப்பித் தரும். பிரேக் பிடிக்கும்போது வீணாகிற சக்தியைப் பிடித்து வைத்து, கிளம்பும்போது திருப்பிக் கொடுப்பதுதானே இதன் வேலை. நெடுஞ்சாலையில் ஒரே சீராகப் போனால் அந்த லாபம் சுருங்கிவிடும். நான் கீழே சொல்வதெல்லாம் முழு ஹைபிரிட்டை மனதில் வைத்து, பிளக்-இன்னுக்கு வேறுபடும் இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

எந்த ஆப்ஷனையும் பார்க்கும் முன் ஒரு எண்ணைக் கண்டுபிடியுங்கள். வண்டியின் சுமைத்திறன், அதாவது பேலோடு. பல நாடுகளில் ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலேயே இது அச்சாகியிருக்கும், இல்லாவிட்டால் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழித்தால் வரும். விளம்பரத்தில் போடும் எண் அந்த மாடலின் மிக எளிய வகைக்குரியது. மேல் வகைக்குப் போகப் போக, சன்ரூஃப், மின்சார சீட், பெரிய வீல் என்று ஒவ்வொன்றும் அதிலிருந்து பிய்த்துக்கொண்டு போகும். ஹைபிரிட் என்றால் மோட்டார், பேட்டரி, இன்வெர்ட்டர் எடையும் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது, அதனால் அதே மாடலின் சாதாரண வகையைவிடப் பெரும்பாலும் கொஞ்சம் குறைவாகவே மிச்சமிருக்கும்.

உங்கள் வேலையை வைத்தே கணக்குப் போடுவோம். ஸ்டிக்கரில் 650 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் உதவியாளரும் 160, கருவிகள் 120, மிச்சம் 370. 18 மில்லிமீட்டர் பிளைவுட் எட்டுக்கு நாலு ஷீட் ஒன்று சுமார் 32 கிலோ வரும், ஆக பதினோரு ஷீட் ஏற்றலாம். இப்போது கேனபி 70, டிராயர் 80, இரும்பு புல் பார் 60 என்று மாட்டுங்கள், மிச்சம் 160. ஐந்து ஷீட்! பாதிக்கு மேல் சுமையை வண்டியின் அலங்காரமே தின்றுவிட்டது. மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப் பலகை என்றால் ஷீட்டுக்கு 40 கிலோ, நாலு ஷீட்டோடு சரி. விடுமுறைக் கணக்கும் இப்படித்தான்: நாலு பேர் 250, நாய் 30, சாமான் 80, அப்புறம் 1,200 கிலோ டிரெய்லர் கொக்கியின் மேல் இறக்கும் எடை சுமார் 120, ஏனென்றால் டிரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியில் உட்கார வேண்டும், இல்லையென்றால் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்துவிடும். அந்த 120 கிலோவும் பேலோடில்தான் சேரும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மொத்தம் 480. கேனபியும் டிராயரும் புல் பாரும் அப்படியே இருந்தால் 690, வண்டி கிளம்பும் முன்பே எல்லையைத் தாண்டிவிட்டது.

கூடுதல் ஸ்பிரிங்கோ, ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றடைத்த பையோ போட்டால் தூக்காதா என்று கேட்பீர்கள். பின்பக்கம் தொங்காமல் நிற்கும், அவ்வளவுதான். ஆக்சில், பிரேக், டயர், சேஸி எல்லாம் பழையபடியேதான் இருக்கின்றன, அனுமதிக்கப்பட்ட எடை ஒரு கிலோகூட ஏறாது.

இன்னொரு வேலை, ஷோரூமுக்குப் போகும்போது டேப்பை எடுத்துப் போங்கள். தொட்டியின் உள்ளே இரண்டு வீல் ஆர்ச்சுக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று அளந்து பாருங்கள், 1,220 மில்லிமீட்டர் இல்லையென்றால் பிளைவுட் தரையில் படுக்காது. எஃப்-150 போன்ற பெரிய வண்டிகளில் படுக்கும், நடுத்தர பிக்கப்புகளில் பலவற்றில் படுக்காது. மாவெரிக்கின் தொட்டி நீளம் நாலரை அடிதான், ஆனால் டெயில்கேட்டைப் பாதியில் நிறுத்தி வீல் ஆர்ச்சுக்கு மேலாக ஷீட்டை மட்டமாக வைக்கும்படி செய்திருக்கிறார்கள், நல்ல யோசனை. உங்கள் தொழிலுக்கு இந்த ஒரு அளவு பட்டியலில் உள்ள பத்து ஆப்ஷனைவிட முக்கியம். நீளத் தொட்டி உள்ள வகை அந்த மாடலில் உண்டா என்று கேளுங்கள், ஹைபிரிட்டில் பெரும்பாலும் டபுள் கேப்பும் குட்டைத் தொட்டியும் மட்டுமே தருகிறார்கள்.

சரி, இப்போதே எடுக்க வேண்டியவை. முதலில் டோ பேக்கேஜ். டிரெய்லர் இழுக்கப் போவது உறுதி என்பதால் இதில் யோசனையே வேண்டாம். கொக்கியை மட்டும் பிறகு எந்தப் பட்டறையிலும் மாட்டிவிடலாம், நானே மாட்டித் தருவேன், ஆனால் தொழிற்சாலை பேக்கேஜில் கொக்கியோடு சேர்த்துக் கூடுதல் குளிர்விப்பு, டிரெய்லருக்கான முழு வயரிங், டிரெய்லரின் பிரேக்கை இயக்கும் பிரேக் கன்ட்ரோலர், டிரெய்லர் மோடு மென்பொருள் என்று மாடலுக்கேற்ப வரும், அதை முழுதாக வெளியே செய்ய முடியாது. மாவெரிக் ஹைபிரிட்டையே எடுத்துக்கொள்ளுங்கள்: அடிப்படையில் 2,000 பவுண்ட், அதாவது சுமார் 907 கிலோதான் இழுக்கும். 2025 மாடலிலிருந்து ஆல் வீல் டிரைவோடு அதற்கான டோ பேக்கேஜும் சேர்த்து எடுத்தால் 4,000 பவுண்ட், சுமார் 1,814 கிலோ. உங்கள் டிரெய்லர் 1,200 கிலோ என்றால், அந்த ஒரு டிக் விட்டுப்போனால் நிறுவனம் வைத்த எல்லைப்படி இழுக்கவே கூடாது, பிறகு எவ்வளவு செலவழித்தாலும் அந்த எண் மாறாது. பிளக்-இன்னிலும் ஜாக்கிரதை, ரேஞ்சர் பிளக்-இன் 3,500 கிலோ இழுக்கும், ஆனால் ஆஸ்திரேலியாவில் முதலில் வந்த ஷார்க் 6 2,500 கிலோதான்.

பிரேக் கன்ட்ரோலரைத் தனியாகச் சொல்ல ஒரு காரணம் உண்டு. ஹைபிரிட்டில் பிரேக்கை லேசாக மிதிக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வேகத்தைக் குறைக்கும், பிரேக் பேட் பெரிதாக வேலை செய்யாது. தொழிற்சாலைக் கன்ட்ரோலர் இந்தக் கணக்கைத் தெரிந்தே டிரெய்லரின் பிரேக்குக்குக் கட்டளை கொடுக்கும். வெளியே வாங்கி மாட்டுவதும் வேலை செய்யும், ஆனால் பதமாகச் சரிசெய்ய நேரம் பிடிக்கும். பிளக்-இன் எடுத்தால் இன்னொன்று: டிரெய்லரோடு மலை ஏறப் போகிறீர்கள் என்றால் பேட்டரியைச் சேமித்து வைக்கும் மோடைச் சமதளத்திலேயே போட்டுவிடுங்கள். அடிவாரம் போய்ச் சேரும்போது பேட்டரி காலியாக இருந்தால் அத்தனை எடையும் இன்ஜின் தலையில்தான்.

அடுத்து தொட்டியில் வரும் கரண்ட் பாயிண்ட். உங்களைப் போன்ற ஆள் ஹைபிரிட் வாங்குவதற்கு மைலேஜைவிட இதுதான் நல்ல காரணம் என்பேன். எஃப்-150 பவர்பூஸ்ட் 2021-இல் வந்தபோது 2.4 கிலோவாட் சாதாரணமாகவே வந்தது, 7.2 கிலோவாட் ஆப்ஷனாக. டக்கோமா ஹைபிரிட்டில் 2,400 வாட், ரேஞ்சர் பிளக்-இன்னில் 6.9 கிலோவாட் வரை. வட்ட ரம்பம் ஒன்று 1,500 முதல் 1,800 வாட் இழுக்கும், ஆகவே 2.4 கிலோவாட்டில் ஒரு நேரத்தில் ஒரு பெரிய கருவி தாராளமாக ஓடும். ரம்பமும் தூசி உறிஞ்சியும் சேர்ந்து ஓட, பக்கத்தில் உதவியாளர் கம்ப்ரஸர் போட்டால் பாயிண்ட் தானாக அணைந்துவிடும், கம்ப்ரஸர் கிளம்பும் கணத்தில் எழுதியிருக்கும் வாட்டைப்போல இரண்டு மூன்று மடங்கு கேட்கும். தளத்தில் கரண்ட் இல்லாத வேலைகள் உங்களுக்கு அடிக்கடி வருமானால் பெரியதை எடுங்கள், ஜெனரேட்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், அதன் எடையும் பேலோடில் மிச்சம். எப்போதும் கரண்ட் உள்ள வீடுகளில்தான் வேலை என்றால் சிறியதே போதும், காலையில் டிரில் பேட்டரி சார்ஜ் போட அது தாராளம்.

இதில் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். பாயிண்ட்டில் வருவது 120 வோல்ட்டா 230 வோல்ட்டா என்று உங்கள் கருவிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள், வேறு சந்தைக்குச் செய்த வண்டி என்றால் இது இடிக்கும். இரண்டாவது பாதுகாப்பு. ஒன்றரை கிலோவாட்-மணி பேட்டரியில் ஒன்றரை கிலோவாட் ரம்பம் ஒரு மணி நேரம்கூட ஓடாது, பேட்டரியை அடிமட்டம் வரை காலி செய்யவும் வண்டி விடாது, அதனால் இன்ஜின் தானாகவே கிளம்பிக் கிளம்பி நிற்கும். சத்தமில்லாமல் நிற்கிற வண்டி பத்து நிமிடத்தில் புகை விடும் என்பதை மறந்து மூடிய கேரேஜுக்குள் நிறுத்தி வேலை செய்தால் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும், அதற்கு நிறமும் வாசனையும் கிடையாது. வண்டி வெளியே, வயர் மட்டும் உள்ளே. பிளக்-இன்னில் பேட்டரி பெரியது என்பதால் நெடுநேரம் இன்ஜின் இல்லாமல் ஓடும், ஆனாலும் இதே விதிதான்.

தொழிற்சாலைப் பாயிண்ட் இல்லாத வகையை எடுத்துவிட்டு, கடையில் ஒரு 2,000 வாட் இன்வெர்ட்டர் வாங்கி 12 வோல்ட் பேட்டரியில் மாட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 12 வோல்ட்டில் 2,000 வாட் என்றால் 160 ஆம்பியருக்கு மேல். முழு ஹைபிரிட்டில் பெரும்பாலும் ஆல்டர்னேட்டரே கிடையாது, பெரிய பேட்டரியிலிருந்து ஒரு டிசி-டிசி கன்வெர்ட்டர்தான் சின்ன பேட்டரிக்கு ஊட்டுகிறது, அது விளக்கு, கம்ப்யூட்டர், ஃபேன் என்று வண்டியின் சொந்தத் தேவைக்குக் கணக்குப் பண்ணி வைத்தது. அதற்கு பதிலாகத் தனி போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன் வாங்கி ஓட்டும்போது சார்ஜ் ஏற்றிக்கொள்வது மேல்.

தொழிற்சாலையிலேயே கேட்க வேண்டிய சில்லறை விஷயங்கள்: ஆக்சஸரி சுவிட்ச் பேனல் ஆப்ஷன் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள், ஃப்யூஸும் ரிலேயும் வைத்த வயரை அவர்களே இழுத்து வைத்திருப்பார்கள், பிறகு லைட்டோ கம்ப்ரஸரோ மாட்ட டாஷ்போர்டைக் கிழிக்க வேண்டாம். முழு அளவு ஸ்டெப்னி உண்டா என்று பாருங்கள், சில பிளக்-இன் வண்டிகளில் பஞ்சர் கிட்டோடு அனுப்பிவிடுகிறார்கள். டிரெய்லரைக் கொக்கியோடு சேர்க்கும்போது உதவும் கேமரா நல்லது. குளிர் அதிகமான இடத்தில் இருந்தால் சூடாகும் சீட்டும் ஸ்டீயரிங்கும் ஹைபிரிட்டில் ஆடம்பரம் இல்லை. பிளக் போடாத ஹைபிரிட்டில் கேபினைச் சூடாக்க இன்ஜின் வெப்பம்தான் பெரும்பாலும் வழி, ஹீட்டர் கேட்கக் கேட்க இன்ஜின் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். சீட்டைச் சூடாக்கி ஹீட்டரைக் குறைத்து வைத்தால் இன்ஜின் நிம்மதியாக அணையும்.

பெரிய வீல் வேண்டாம். 20 அங்குல ரிம் ஷோரூம் விளக்கில் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் எடை கூடும், டயர் பக்கச்சுவர் குட்டையாகும், பள்ளத்தில் ரிம் அடிபடும், டயர் விலையும் ஏறும். அந்த மாடலில் கிடைக்கும் மிகச் சின்ன ரிம்மை எடுங்கள்.

இனி காத்திருக்கலாம் என்று சொன்னவை. தொட்டிக்கு லைனர் மட்டும் சீக்கிரம் போடுங்கள், முதல் வாரத்திலேயே பெயிண்ட் கீறிவிடும். ஸ்பிரே லைனர்தான் என் தேர்வு. பிளாஸ்டிக் டிராப்-இன் லைனர் தொட்டியோடு உரசி அடியில் பெயிண்டைத் தேய்க்கும், தண்ணீரும் மண்ணும் உள்ளே சிக்கி வெளியே தெரியாமல் துருப்பிடிக்கும். ஸ்பிரேக்கு மேல் ஒரு ரப்பர் மேட் விரித்தால் பிளைவுட் வழுக்காது. பிறகு மூடி. கேனபியா தொட்டி மூடியா என்றால், ஷீட் ஏற்றுகிற உங்களுக்கு மடக்கும் மூடி. எடை குறைவு, கருவிகள் கண்ணில் படாது, நினைத்தால் ஐந்து நிமிடத்தில் திறந்துவிடலாம். மைலேஜ் கூடும் என்று விற்பார்கள், நெடுஞ்சாலையில் துளி வித்தியாசம் இருக்கும், அதை நம்பி வாங்காதீர்கள். டிராயருக்கு 80 கிலோ கொடுப்பதைவிட மூடிக்கு அடியில் நிற்கும் இரண்டு அலுமினியப் பெட்டி போதும், விடுமுறைக்குப் போகும்போது இறக்கி வைத்துவிடலாமே.

கூரை மேல் எதையும் ஏற்றாமல் இருக்கப் பாருங்கள். இதில் ஹைபிரிட்டுக்கே உரிய ஒரு காரணம் இருக்கிறது. தொட்டியில் கூடும் எடையை இழுத்து வேகமெடுக்கச் செலவான சக்தியில் ஒரு பங்கை பிரேக் பிடிக்கும்போது வண்டி திரும்ப வாங்கிக்கொள்ளும். காற்றைக் கிழிக்கச் செலவானது போனது போனதுதான். அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்குப்படி மொத்தையான கூரைப் பெட்டி ஒன்று மைலேஜை ஊருக்குள் 2 முதல் 8 சதவீதமும், மணிக்கு 105 முதல் 120 கிலோமீட்டர் வேகத்தில் 10 முதல் 25 சதவீதமும் குறைக்கும். ரேக்கை எப்போதும் மாட்டியே வைக்காமல் வேண்டும்போது மட்டும் மாட்டுங்கள்.

ஆல் டெரெய்ன் டயர்: கம்பெனி டயர் தேயும் வரை பொறுங்கள். ஹைபிரிட்டுக்குக் கொடுக்கும் டயர்கள் உருளும் தடை குறைவாக இருக்கும்படி தேர்ந்தெடுத்தவை, முரட்டு டயர் போட்ட அன்றே மைலேஜில் தெரியும், சத்தத்திலும் தெரியும், இன்ஜின் அணைந்திருக்கும் நேரத்தில் அந்த உறுமல் இன்னும் நன்றாகக் கேட்கும். ஊருக்குள் முக்கால்வாசி ஓடுகிற வண்டிக்கு எதற்கு? மாற்றும்போது அதே அளவு, டயர் தாங்கும் எடையைச் சொல்லும் எண்ணான லோடு இண்டெக்ஸ் பழையதைவிடக் குறையாமல். 113 என்றால் டயருக்கு 1,150 கிலோ, 110 என்றால் 1,060, அதற்குக் கீழே இறங்கினால் கதவில் எழுதியிருக்கும் பேலோடுக்கு அர்த்தமில்லை. ஆல் வீல் டிரைவ் என்றால் ஸ்டெப்னியும் அதே அளவு இருக்க வேண்டும்.

லிஃப்ட் கிட், உங்களுக்கு வேண்டாம். நீங்கள் எழுதியதில் ஒரு வரியில்கூடக் கரடுமுரடு பாதை இல்லை. உயர்த்தினால் காற்றுத் தடை கூடும், டிரைவ் ஷாஃப்ட் ஜாயிண்ட் கோணம் மாறித் தேயும், தானாக பிரேக் பிடிக்கும் கேமராவையும் ரேடாரையும் மறுபடி சீர்செய்ய வேண்டிவரும், தினமும் அவ்வளவு உயரத்துக்கு பிளைவுட் தூக்கி வைக்க உங்கள் முதுகும் சம்மதிக்க வேண்டும். புல் பாரும் அப்படியே. ஹைபிரிட்டின் முகப்பில் இன்ஜின் ரேடியேட்டரோடு மின் பாகங்களைக் குளிர்விக்கும் இன்னொரு ரேடியேட்டரும் பெரும்பாலும் இருக்கும், அதன் முன்னால் இரும்பையும் லைட் பாரையும் வரிசையாக நிறுத்திவிட்டு டிரெய்லரோடு மலை ஏறினால் சூடு எங்கே போகும்? மான், மாடு குறுக்கே வரும் சாலையில் இரவில் ஓட்டுகிறவர் என்றால் கம்பெனி சோதித்துத் தரும் பார் மட்டும் பரவாயில்லை. கூரை லைட் பார் பற்றி என் கருத்தைக் கேட்காதீர்கள், பானட்டில் வெளிச்சம் பட்டு ஓட்டுநர் கண்ணையே கூசவைக்கும் பொருளுக்கு எப்படி இவ்வளவு கிராக்கி என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

எது மாட்டினாலும் வயரிங்கில் மூன்று விஷயத்தை மாட்டுகிறவரிடம் சொல்லுங்கள். ஆரஞ்சு நிற வயரைத் தொடக் கூடாது, அதன் பக்கத்தில் துளை போடக் கூடாது, அது உயர் மின்னழுத்த வயர். வண்டிக்கு அடியிலும் ஓடும் என்பதால் தொட்டித் தரையில் துளையிடும் முன் கீழே படுத்துப் பார்த்தே ஆக வேண்டும். துருத் தடுப்பு ஸ்பிரே அடிப்பவரும் அந்த வயர், கனெக்டர் எல்லாவற்றையும் மூடிவிட்டு அடிக்க வேண்டும். இரண்டாவது, எர்த் வயரைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலேயே கட்டிவிடுவார்கள், அங்கே பல வண்டிகளில் சார்ஜ் அளக்கும் சென்சார் இருக்கும், அதைத் தாண்டி இழுக்கும் கரண்ட் வண்டியின் கணக்கில் வராது. சேஸியில் அதற்கென்று உள்ள இடத்தில் கட்டச் சொல்லுங்கள். மூன்றாவது, டேஷ்கேம், டிராக்கர் போன்று வண்டி நிற்கும்போதும் கரண்ட் உறிஞ்சுபவை. பெரிய பேட்டரி நிறைய சார்ஜ் இருந்தும், சின்ன 12 வோல்ட் பேட்டரி படுத்துவிட்டால் வண்டி கண்ணே திறக்காது. டிரெய்லரில் ஃப்ரிட்ஜும் பேட்டரியும் இருந்தால் அதற்கென்று தனி டிசி-டிசி சார்ஜர் போடுங்கள்.

நாய் விஷயத்துக்கு வருகிறேன். டக்கோமா, டன்ட்ரா ஹைபிரிட்களில் பேட்டரி பின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது, கேபின் காற்றை இழுத்துத்தான் குளிர்கிறது. உங்கள் மாடலிலும் பின் சீட்டைச் சுற்றி ஒரு சல்லடை வாய் இருந்தால் அதை மறைக்கும் சீட் கவர், நாய் மெத்தை, பிள்ளைகளின் பை எதுவும் கூடாது. நாய் முடி அந்த ஃபில்டரை எவ்வளவு சீக்கிரம் அடைக்கும் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். அடைத்தால் பேட்டரி சூடாகும், மோட்டார் உதவி குறையும், ஆயுளும் குறையும். சர்வீஸில் அதைச் சுத்தம் செய்யச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். சீட் கவர் வாங்கினால் சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கிறதா என்றும் பாருங்கள், அதைத் தைத்து மூடிய கவர் ஆபத்து.

உங்கள் நண்பருக்கு: டியூனிங் வேண்டாம். மாவெரிக் போன்றவற்றில் உள்ளது அட்கின்சன் முறை இன்ஜின், உறிஞ்சிய காற்றில் ஒரு பங்கை வேண்டுமென்றே வெளியே தள்ளி எரிபொருள் மிச்சம் பிடிக்கிறது, அதற்குப் பெரிய ஏர் ஃபில்டர் போட்டு என்ன ஆகப்போகிறது. டர்போ ஹைபிரிட்டில் சக்தி கூட்ட முடியும்தான், ஆனால் இன்ஜினும் மோட்டாரும் ஒருவருக்கொருவர் எவ்வளவு தருவது என்று நொடிக்கு நொடி பேசிக்கொள்ளும் மென்பொருளில் ஒரு பக்கத்தை மட்டும் மாற்றினால் கியர்பாக்ஸ்தான் அடி வாங்கும், வாரண்டி கேட்டுப் போனால் முதலில் அதைத்தான் நோண்டிப் பார்ப்பார்கள்.

பெயிண்ட் புரொடெக்‌ஷனை விட்டுவிடுங்கள், ஒரு நல்ல வேக்ஸ் டப்பா போதும். நீட்டித்த வாரண்டியில் கையெழுத்துப் போடும் முன் ஹைபிரிட் பேட்டரிக்கு ஏற்கெனவே எவ்வளவு காலம் இருக்கிறது என்று கேளுங்கள், 8 ஆண்டு அல்லது அதற்கு மேல் தனி வாரண்டி பல நிறுவனங்கள் தருகின்றன, அதே காலத்துக்கு இன்னொரு முறை காசு கொடுக்க வேண்டாம். இன்வெர்ட்டர், டிசி-டிசி கன்வெர்ட்டர், கரண்ட் பாயிண்ட் இவை எந்த வாரண்டியில் வருகின்றன என்பதை எழுத்தில் வாங்குங்கள். தொழிலுக்கு ஓட்டும் வண்டி என்றால் சில வாரண்டிகள் காலத்தைக் குறைக்கும், அதையும் கேளுங்கள்.

டெலிவரி எடுத்த வாரமே, டேங்க் நிரப்பி, எதையும் மாட்டும் முன், லாரிகளை எடை போடும் ஒரு வேபிரிட்ஜில் ஏற்றி முன் ஆக்சில் தனியாகவும் பின் ஆக்சில் தனியாகவும் எடை போட்டுச் சீட்டு வாங்கி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதையும் பிளைவுட்டோடு ஒருமுறை, டிரெய்லர் மாட்டி ஒருமுறை எடுத்த சீட்டுகளையும் எனக்கு அனுப்புங்கள், கேனபி வேண்டுமா என்று அப்போது பேசலாம்.